வெயில், சாணம், சம்பளம்: வாசகர் கேள்வி – பதில்

சோலார், கோபர் கேஸ், இவற்றைச் சுற்றிய வேலைகள் பற்றி டெல்டா மாவட்டங்களிலிருந்து வந்த கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில். ஒரே மாதிரியான கேள்விகளைச் சேர்த்துவிட்டோம்.

ஐ.டி.ஐ. எலக்ட்ரீஷியன் முடித்திருக்கிறேன். சோலார் கம்பெனிகளில் கேட்டால், "மாடி ஏறுகிற வேலை உனக்குச் சரிப்படாதும்மா, ஆஃபீஸ் வேலை இருந்தால் சொல்றோம்" என்கிறார்கள். மேற்கொண்டு என்ன படித்தால் எடுத்துக்கொள்வார்கள்?
– வாசகி, மன்னார்குடி

சான்றிதழ்தான் வேண்டுமென்றால் சூர்யமித்ரா பயிற்சி இருக்கிறது. தேசிய சூரிய ஆற்றல் நிறுவனத்தின் பொறுப்பில் 2015-இல் தொடங்கியது. 600 மணி நேரம், ஏறக்குறைய மூன்று மாதம். பத்தாம் வகுப்போடு எலக்ட்ரீஷியன், வயர்மேன், ஃபிட்டர் போன்ற பிரிவில் ஐ.டி.ஐ. முடித்தவர்கள் சேரலாம். சேருமுன் மையத்தில் இரண்டு விஷயம் கேளுங்கள்: பெண்களுக்குத் தங்குமிடம் உண்டா, 600 மணி நேரத்தில் எத்தனை மணி நேரம் உண்மையான கூரை மேல்? இரண்டாவது கேள்விக்கு மழுப்பலான பதில் வந்தால் வேறு மையம் பாருங்கள்.

சான்றிதழைவிட உங்களுக்கு வேலை வாங்கித் தரப்போவது அளக்கத் தெரிவது. பேனலைத் தூக்கி மாட்ட ஆள் கிடைக்கும். மாட்டிய பிறகு ஏன் மின்சாரம் குறைகிறது என்று கண்டுபிடிக்கத்தான் ஆள் கிடைப்பதில்லை. ஒரு கணக்கைப் பாருங்கள். 540 வாட் பேனல் ஒன்றின் திறந்த சுற்று வோல்ட்டேஜ் (எதனோடும் இணைக்காதபோது காட்டுவது) பெயர்ப்பலகையில் 49 வோல்ட் அளவில் இருக்கும். ஆறு பேனல் வரிசையாக இணைந்தால் (இந்த வரிசைதான் ஸ்ட்ரிங்) 294. ஆனால் அந்த எண் 25 டிகிரி சூட்டுக்கு உரியது. நம் ஊர் மத்தியான வெயிலில் பேனல் 60 டிகிரியைத் தொடும், டிகிரிக்குக் கால் சதவீதத்துக்குச் சற்று மேல் வோல்ட்டேஜ் இறங்கும். எனவே மீட்டர் 265 முதல் 275 வரை காட்டினால் ஸ்ட்ரிங் சரி. அதிலிருந்து 15 வோல்ட் குறைந்தால் ஏதோ ஒரு பேனலில், பழுதான பகுதியைத் தாண்டி மின்சாரத்தை விடும் பைபாஸ் டயோடு போயிருக்கிறது, ஏனென்றால் ஒரு பேனலில் மூன்று டயோடு, ஒவ்வொன்றும் மூன்றில் ஒரு பங்கு. 45 வோல்ட் குறைந்தால் ஒரு முழு பேனல் கணக்கில் வரவில்லை. நேர்காணலில் இதை ஒரு தாளில் போட்டுக் காட்டுங்கள், மாடி ஏறுவதைப் பற்றி மறுபடி பேச மாட்டார்கள்.

பாரத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறோம். அந்தப் பேனல் 27, 28 கிலோ இருக்கும், ஏழரை அடி நீளம். யாராக இருந்தாலும் இரண்டு பேர் தூக்க வேண்டியது. பலசாலி என்று ஒருவரே தலையில் வைத்து ஏற்றினால் கண்ணாடிக்குக் கீழே செல்களில் மயிரிழை விரிசல் விழும். அன்று தெரியாது, இரண்டு வருஷம் கழித்து உற்பத்தியில் தெரியும். பேனல் மேல் மிதித்து நடந்தாலும் இதே கதைதான்.

கைக்கு வர வேண்டிய பழக்கங்கள்: 1,000 வோல்ட் டி.சி. தாங்குகிற மீட்டர், ஆறு அடிக்கு மேல் ஏறினால் இடுப்புக் கயிறு அல்ல, முழு உடல் ஹார்னஸ், மின்னோட்டம் ஓடும்போது பேனல் ஒயர்களை இணைக்கும் எம்.சி.4 கனெக்டரைப் பிடுங்கவே கூடாது. ஏ.சி. மின்சாரம் நொடிக்கு நூறு முறை பூஜ்யத்தைத் தொட்டு வருவதால் பொறி அணைந்துவிடும். டி.சி.யில் அந்த இடைவெளி இல்லை, பொறி நின்று எரியும். முதலில் இன்வெர்ட்டரின் (பேனலின் டி.சி.யை ஏ.சி.யாக மாற்றும் பெட்டி) ஏ.சி. சுவிட்ச், பிறகு பேனல் பக்கத்துச் சுவிட்சான டி.சி. ஐசொலேட்டர், அதன்பிறகுதான் கனெக்டர். கூரை மேல் நடக்கும் தீ விபத்துகளில் அடிக்கடி பிடிபடுவது இரண்டு வேறு கம்பெனி கனெக்டர்களைச் சேர்த்து மாட்டியதும், ஒயர் முனையை அழுத்திப் பிடிக்கும் கிரிம்பிங் கருவி இல்லாமல் கட்டிங் பிளேயரால் நசுக்கியதும். கிரிம்பிங் கருவியைச் சொந்தமாக வாங்கிவிடுங்கள்.

வீட்டு மெயின் போர்டோடு இணைத்து மின்வாரியத்துக்குச் சான்று தருவது உரிமம் பெற்ற ஒப்பந்ததாரரின் வேலை. தொடக்கத்தில் அப்படி ஒருவரிடம் சேருங்கள்.

வேதாரண்யம் பக்கம், கடலிலிருந்து இரண்டு கிலோமீட்டரில் வீடு. மூன்று கிலோவாட் போட நினைக்கிறோம். பக்கத்துத் தெருவில் இரண்டே வருஷத்தில் சட்டமெல்லாம் துரு. கஜா மாதிரி இன்னொரு புயல் வந்தால் பேனல் நிற்குமா?
– வாசகி, வேதாரண்யம்

துரு எங்கே தொடங்கியது என்று போய்ப் பாருங்கள். பைப்பின் நடுவில் இருக்காது. வெட்டிய முனை, துளை போட்ட இடம், வெல்டிங் தையல் இந்த மூன்றில்தான் இருக்கும். துத்தநாகம் பூசிய பைப்பை வாங்கி வந்து மாடியிலேயே வெட்டி, வெல்டு வைத்து, மேலே சில்வர் பெயிண்ட் அடித்துவிட்டுப் போனால், உப்புக்காற்று அரிக்க அதுவே போதும். வெட்டு, துளை, வெல்டிங் எல்லாம் பட்டறையில் முடிந்த பிறகே சூடான துத்தநாகக் குளியல் நடக்க வேண்டும், பூச்சு 80 மைக்ரான் இருக்க வேண்டும் என்று ஒப்பந்தத்தில் எழுதச் சொல்லுங்கள். பூச்சின் தடிமனை அளக்கக் கையடக்க மீட்டர் இருக்கிறது, கொண்டுவரச் சொல்லி மூன்று இடத்தில் வைத்துப் பாருங்கள். போல்ட் ஸ்டெயின்லெஸ் 304 என்பார்கள். உங்கள் தூரத்துக்கு 316 கேளுங்கள். பேனலின் அலுமினிய விளிம்பு இரும்புச் சட்டத்தை நேராகத் தொட்டால் உப்பு ஈரத்தில் அலுமினியம் அரிக்கும், நடுவில் ரப்பர் பட்டை வேண்டும். பேனலுக்கு உப்புப்பனிச் சோதனைச் சான்று உண்டு, ஐ.இ.சி. 61701. இன்வெர்ட்டர் கடல் பார்த்த சுவரில் வேண்டாம்.

கஜா 2018 நவம்பர் 16-இல் நாகைக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையேறியபோது மணிக்கு 120 கிலோமீட்டர் காற்று, அவ்வப்போது 140. அந்த 140-ஐ வைத்துக் கணக்குப் போட்டால் ஒரு சதுர மீட்டருக்கு 90 கிலோவுக்கு மேல் அழுத்தம். ஒரு பேனல் இரண்டரைச் சதுர மீட்டர், ஆக ஒரு பேனலைப் பிய்த்தெடுக்கும் விசை கால் டன்னை நெருங்கும். இப்போது உங்கள் பக்கம் போடும் சிமென்ட் கட்டையைப் பாருங்கள். ஓரடிக் கட்டை சுமார் 65 கிலோ. கட்டையை மாடியில் வைத்துவிட்டுப் போகிறவர் புயலைப் பார்க்காதவர். சட்டக் காலின் அடித்தட்டைக் கான்கிரீட் தளத்துக்குள் கெமிக்கல் ஆங்கர் போல்ட்டால் (துளையில் பசை நிரப்பி இறுக்குவது) பிடிக்க வேண்டும். சட்டத்தை ஆளுயரத்துக்குத் தூக்கிக் கட்டச் சொல்பவர்கள் உண்டு, கீழே துணி உலர்த்தலாம் என்பதற்காக. கடற்கரையில் அது வேண்டாம், உயரம் கூடினால் பிடிமானம் குறையும். சாய்வு 10, 11 டிகிரி, தெற்குப் பார்த்து. நம் அட்சரேகைக்கு அதுவே சரியான கோணம், காற்றுக்கும் அதுதான் நல்லது.

இதே கேள்வியைக் கும்பகோணத்திலிருந்து வேறு விதமாகக் கேட்டிருக்கிறார்கள்: தேக்கு உத்தரத்தின் மேல் செங்கல் செருகிச் சுண்ணாம்புக்காரை போட்ட பழைய மெட்ராஸ் டெரஸ். அதில் துளை போடவே கூடாது. காரை விட்ட இடத்தில் தண்ணீர் இறங்கினால் உத்தரத்தின் நுனி சுவருக்குள்ளேயே மக்கும். சுவருக்குச் சுவர் இரும்பு பீம் குறுக்கே போட்டு, பாரம் முழுவதும் சுவரில் இறங்கும்படி செய்யலாம். செலவு கூடும்.

புயல் எச்சரிக்கை வந்தால் பேனலைக் கழற்ற மாடி ஏறாதீர்கள். ஏ.சி., பிறகு டி.சி. சுவிட்சை அணையுங்கள், மாடியில் கிடக்கும் தகரம், தென்னை மட்டை, காலித் தொட்டியை அகற்றுங்கள். பேனலை உடைப்பது பெரும்பாலும் பறந்து வருவதுதான். புயல் போன பின் உடைந்த பேனலை வெறுங்கையால் தொடக் கூடாது, வெளிச்சம் பட்டால் உடைந்ததும் மின்சாரம் தரும்.

மானியம் பிரதமர் சூரிய வீடு திட்டத்தில்: ஒரு கிலோவாட்டுக்கு 30,000 ரூபாய், இரண்டுக்கு 60,000, மூன்றும் அதற்கு மேலும் 78,000. தேசிய இணையதளத்தில் பதிவு செய்த விற்பனையாளரிடம், உள்நாட்டு செல் உள்ள பேனல் வாங்கினால் மட்டும். ஆனால் முதலில் இ.பி. அட்டையைப் பாருங்கள். மூன்று கிலோவாட் ஒரு நாளைக்குச் சராசரி 12 யூனிட், இரண்டு மாதத்துக்கு 700 யூனிட் தரும். முதல் 100 யூனிட் ஏற்கெனவே இலவசம். உங்கள் வீடு 300-க்குள் ஓடினால் ஒரு கிலோவாட் போதும்.

கரண்ட் போனால் சோலாரும் நின்றுவிடுகிறது. ஏமாற்றிவிட்டார்களா?
– வாசகர், திருவையாறு

இல்லை. மின்வாரியக் கம்பியோடு சேர்ந்து ஓடும் இன்வெர்ட்டர், கம்பியில் மின்சாரம் இல்லையென்றால் தானே நிற்க வேண்டும். இல்லாவிட்டால் கம்பத்தில் ஏறியவர் மேல் உங்கள் வீட்டு மின்சாரம் பாயும். கரண்ட் போன நேரத்திலும் விளக்கெரிய வேண்டுமானால் பேட்டரியோடு கூடிய ஹைப்ரிட் இன்வெர்ட்டர் வேண்டும். கரண்ட் இருக்கும்போதே உச்சி வேளையில் நின்றுநின்று ஓடுகிறது என்றால் அது வேறு நோய்: உங்கள் லைனில் வோல்ட்டேஜ் ஏறுகிறது. இன்வெர்ட்டர் திரையில் வரும் எண்ணையும் நேரத்தையும் ஒரு வாரம் குறித்து எழுத்தில் புகார் கொடுங்கள். அதற்கு முன் இன்வெர்ட்டரிலிருந்து மெயின் போர்டு வரை எவ்வளவு தூரம், எந்தத் தடிமன் ஒயர் என்று பார்க்கச் சொல்லுங்கள். நீளமான மெல்லிய ஒயர் இருந்தால் அந்த ஒயரே வோல்ட்டேஜை ஏற்றிவிடும்.

எங்கள் மகளிர் குழுவில் பன்னிரண்டு பேர். கொப்பரை போடுகிறோம். ஐப்பசி, கார்த்திகையில் பூஞ்சணம் பிடித்துப் பாதி விலைக்குப் போகிறது. சோலார் டிரையர் போட்டால் சரியாகுமா? கந்தகம் போடாமல் விற்க முடியுமா?
– மகளிர் குழு, பேராவூரணி

சரியாகும், ஆனால் ஐப்பசியில் வெறும் சோலார் டிரையர் போதாது. ஏனென்று பார்ப்போம்.

உடைத்த தேங்காயில் ஈரம் பாதிக்குப் பாதி. கொப்பரையாக மூட்டை கட்ட ஆறு சதவீதத்துக்குக் கீழே வர வேண்டும். பூஞ்சணம் பிடிப்பது கடைசி நாளில் என்று நினைக்கிறோம். உண்மையில் முதல் இருபத்து நான்கு மணி நேரத்தில் தீர்மானமாகிறது. அந்த ஒரு நாளுக்குள் ஈரம் 35 சதவீத அளவுக்கு இறங்கிவிட வேண்டும். இறங்காத பருப்பின் மேல் வழுவழுப்பு வரும், அடுத்து மஞ்சள், பச்சைப் பூஞ்சணம். பச்சை கலந்த மஞ்சள் நிறப் பூஞ்சணம்தான் ஆபத்து, அஃப்ளாடாக்சின் என்ற நஞ்சு அதிலிருந்து வருகிறது, எண்ணெயிலும் பிண்ணாக்கிலும் இறங்கும். துடைத்தால் போகாது. ஆகவே முதல் விதி: மத்தியானம் மூன்று மணிக்கு உடைக்காதீர்கள். விடிந்ததும் உடைத்து, ஓட்டோடு, பருப்பு மேல் பார்க்க அடுக்குங்கள். இளங்காய் கலந்தால் அது ரப்பர் மாதிரி வளையும், காயாது. பதினொன்று, பன்னிரண்டு மாதக் காய் மட்டும்.

சுரங்கம் போன்ற வளைவு டிரையர் உங்களுக்குப் பொருந்தும். ஜி.ஐ. வளைவுகள், மேலே 200 மைக்ரான் புற ஊதா தாங்கும் பாலிதீன் அல்லது பாலிகார்பனேட், கீழே கறுப்புப் பூச்சு போட்ட சிமென்ட் தளம். வெளியே 33 டிகிரி என்றால் உள்ளே 50-ஐத் தாண்டும். திறந்த களத்தில் ஆறேழு நாள் ஆவது இதில் மூன்று நாளில் முடியும்.

கெட்டுப்போகிற இடம் ஒன்றே ஒன்று: ஈரக்காற்று வெளியேறாதது. சூடு வேண்டும் என்று எல்லா வழியையும் அடைத்துவிடுகிறார்கள். காலையில் பாலிதீனின் உட்பக்கம் வியர்த்து, சொட்டுச் சொட்டாகப் பருப்பின் மேல் விழுந்தால் அதுதான் காரணம். ஒரு முனையில் தரையோரம் காற்று நுழைய வழி, மறு முனையில் உச்சியில் எக்ஸாஸ்ட் ஃபேன், அதற்கு ஒரு சின்னப் பேனல். முதல் நாள் ஃபேன் முழுநேரமும் ஓட வேண்டும், மூன்றாம் நாள் பாதி அடைக்கலாம். தட்டுகளைத் தரையிலிருந்து ஓரடி உயர்த்தி வலையில் அடுக்குங்கள். இரண்டாம் நாள் பருப்பு ஓட்டை விட்டுச் சுருங்கும், அப்போது பிரித்துப் பரப்புங்கள். ஆறு சதவீதம் ஆயிற்றா என்று பார்க்க ஈரமானி வாங்குங்கள், கையால் ஒடித்துப் பார்ப்பது பழகிய கைக்கு மட்டும் சரி.

ஐப்பசி, கார்த்திகைக்கு: தேங்காய்த் தொட்டியை (சிரட்டையை) எரிக்கும் சூளை ஒன்றை டிரையருக்கு வெளியே வைத்து, புகை குழாய் வழியே உள்ளே கடந்து மறுபக்கம் வெளியேறும்படி செய்யுங்கள். சூடு மட்டும் உள்ளே, புகை வெளியே. தொட்டி உங்களிடமே இருக்கிறது. புகை பருப்பில் பட்டால் நிறமும் மணமும் போய்விடும். முதல் நாள் ஒழுங்காக உலர்ந்தால் கந்தகத்துக்கு வேலையே இல்லை. வெண்மைக்காகப் போடுகிறோம் என்பது பாதிதான் உண்மை, தாமதமாக உலர்த்தியதை மறைக்கவும் போடுகிறார்கள்.

டிரையருக்கு வேளாண் பொறியியல் துறையில் மானியம் உண்டு. உங்கள் உட்கோட்ட உதவி செயற்பொறியாளர் அலுவலகத்தில், கட்டுமானம் தொடங்கும் முன்பே விண்ணப்பிக்க வேண்டும். எண்ணெய் ஆட்டுவது வரை போக நினைத்தால் சிறு உணவுத் தொழில்களுக்கான மத்திய திட்டத்தில் 35 சதவீதம், அதிகபட்சம் 10 லட்சம் என்பது விதி. இப்போது விண்ணப்பம் வாங்குகிறார்களா என்று மாவட்டத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். தஞ்சாவூரில் உள்ள தேசிய உணவுத் தொழில்நுட்ப நிறுவனத்தையும் ஒருமுறை போய்ப் பாருங்கள்.

நான்கு மாடு இருக்கிறது. கோபர் கேஸ் கட்டி மூன்று வருஷம் நன்றாக எரிந்தது. இப்போது மார்கழி வந்தால் காலைக் காப்பிக்கே போதவில்லை.
– வாசகி, திருவிடைமருதூர்

நான்கு மாட்டின் சாணம் 40, 50 கிலோ என்றால் இரண்டு கன மீட்டர் கலனுக்குச் சரி. நாலைந்து பேர் சமைக்கலாம். மார்கழியில் குறைவது ஓரளவு இயற்கை, குளிர்ந்தால் நுண்ணுயிரி மந்தமாகும். குளிர்ந்த கிணற்று நீருக்குப் பதில் மத்தியான வெயிலில் வைத்த தண்ணீரில் கரைத்து ஊற்றுங்கள். சாணமும் தண்ணீரும் ஒன்றுக்கொன்று, மேல் போகாமல்.

மூன்று வருஷம் கழித்துக் குறைந்தால் குளிரை மட்டும் குற்றம் சொல்ல முடியாது. வரிசையாகப் பாருங்கள். சுடர் துடித்துத் துடித்து எரிந்தால் குழாயில் தண்ணீர் தேங்கியிருக்கிறது. தாழ்ந்த இடத்தில் உள்ள வடிகாலைத் திறந்துவிடுங்கள். கொட்டகையை ஃபினாயில், ப்ளீச்சிங் பவுடர் போட்டுக் கழுவி அந்தத் தண்ணீர் கலனுக்குப் போகிறதா? போனால் நுண்ணுயிரி சாகும். மாட்டுக்கு மருந்து ஊசி போட்ட சில நாள் சாணத்தையும் ஒதுக்குங்கள். இவை இல்லையென்றால் அடியில் மணலும் மேலே வைக்கோல் ஆடையும் சேர்ந்து கலனின் கொள்ளளவே சுருங்கியிருக்கும். தூர்வார வேண்டியதுதான், ஆனால் இப்போது வேண்டாம். சம்பாப் பட்டத்தில் உங்கள் ஊரில் நிலத்தடி நீர் தரையை ஒட்டி நிற்கும். அந்த நேரத்தில் கலனைக் காலி செய்தால் வெளியே இருக்கும் நீரின் அழுத்தம் அடித்தளத்தைத் தூக்கி விரிசல் விடும். சித்திரையில் காலி செய்யுங்கள். உள்ளே ஆளை இறக்குவதற்கு முன் மூடியைத் திறந்து ஒரு நாள் முழுக்கக் காற்றாட விட வேண்டும், கயிறு கட்டி மேலே இருவர் நிற்காமல் யாரும் இறங்கக் கூடாது.

பி.எஸ்சி. வேதியியல் முடித்தேன். 'கார்பன் கிரெடிட்' கம்பெனிக்காக ஊர் ஊராகப் போய் வயலில் குழாய் நட்டு அளவு எடுக்கும் வேலை வருகிறது. நம்பிப் போகலாமா?
– வாசகி, திருத்துறைப்பூண்டி

வேலை நிஜமான அறிவியலில் நிற்கிறது. வயலில் தண்ணீர் கட்டி நின்றால் சேற்றுக்குள் காற்று போகாது, காற்றில்லாத இடத்து நுண்ணுயிரிகள் வைக்கோலையும் வேர்க்கழிவையும் சிதைத்து மீத்தேன் விடும். காய்ச்சலும் பாய்ச்சலுமாக நீர் விட்டால் அது ஏறக்குறைய பாதியாகக் குறையும். அப்படிக் குறைந்த வாயுவைக் கணக்கிட்டு விற்பதுதான் கார்பன் கிரெடிட். குழாய் 30 சென்டிமீட்டர் நீளம், 15 அகலம், கீழ்ப்பாதியில் துளைகள். கீழ்ப்பாதியை மண்ணில் இறக்கி, உள்ளே உள்ள சேற்றை அள்ளிவிட வேண்டும். இதை மறந்தவர் எடுக்கும் அளவு எல்லாம் வீண். குழாய்க்குள் நீர்மட்டம் தரைக்குக் கீழ் 15 சென்டிமீட்டர் இறங்கியதும் 5 சென்டிமீட்டர் பாய்ச்சலாம். நட்ட முதல் இரண்டு வாரமும், பூக்கும் பருவத்துக்கு ஒரு வாரம் முன்னும் பின்னும் காய விடக் கூடாது, பதராகும்.

ஆனால் உங்கள் பக்கத்துக்கு இரண்டு எச்சரிக்கை. சம்பாவில் ஐப்பசி மழை விழுந்தால் வயல் காயாது. முறை வைத்துத் தண்ணீர் விடும் கடைமடையில் காய்ச்சலும் பாய்ச்சலும் விவசாயி கையில் இல்லை. இந்த முறை பம்புசெட் உள்ள குறுவை வயலுக்குத்தான் கச்சிதம். உப்பு ஏறிய நிலத்தில் காயப்போட்டால் உப்பு மேலே வந்து பயிர் கருகும், அங்கே போய்க் குழாய் நடச் சொன்னால் நீங்களே மறுத்துவிடுங்கள்.

கம்பெனியிடம் கேளுங்கள்: எந்தப் பதிவகம், எந்த வழிமுறை? கார்பன் கிரெடிட்டைப் பதிவு செய்யும் பதிவகங்களில் ஒன்றான வெர்ரா தன் பழைய நெல் வழிமுறையை 2023-இல் நிறுத்தி, 2025-இல் புதியதை வெளியிட்டது. பழையதைச் சொல்லுபவரிடம் எச்சரிக்கையாக இருங்கள். உங்களுக்கு மாதச் சம்பளமா, வயல் ஒன்றுக்கு இவ்வளவா? பெட்ரோல் யார் கணக்கு? விவசாயி கையெழுத்திடும் ஒப்பந்தம் தமிழில் இருக்கிறதா, எத்தனை ஆண்டு, பங்கு எத்தனை சதவீதம், நடுவில் விலகினால் என்ன? ஊரில் கேள்வி கேட்கப்படப் போவது கம்பெனி அல்ல, நீங்கள்.

நானும் என் நாத்தனாரும் புதிதாகப் பேனல் மாட்டாமல், மாட்டியதைப் பராமரிக்கும் சர்வீஸ் மட்டும் செய்து பிழைக்க முடியுமா?
– வாசகி, பாபநாசம்

முடியும், இதைத்தான் நாங்களும் சொல்வோம். அறுவடை மெஷின் ஓடும் மாதங்களில் டெல்டாவின் கூரையெல்லாம் வைக்கோல் தூசி. விற்றவர் திருச்சியில் இருப்பார், மூன்று கிலோவாட்டுக்காக வர மாட்டார். கழுவுவதை மட்டும் விற்காதீர்கள், அதை யாரும் செய்வார்கள். கழுவுமுன் ஸ்ட்ரிங் வோல்ட்டேஜ், கழுவிய பின் உற்பத்தி, எர்த்தின் மின்தடை (ஓம்), போல்ட் முறுக்கு என்று ஒரு பக்கத் தாள் எழுதிக் கொடுங்கள். எர்த் ஐந்து ஓமுக்குள் இருக்க வேண்டும், கோடையில் மண் காய்ந்ததும் ஏறும், ஆகவே சித்திரையில் அளந்ததே உண்மையான அளவு. பேனல், ஏ.சி., இடிதாங்கி மூன்றுக்கும் தனித்தனி எர்த் குழி இருக்கிறதா என்று பாருங்கள். செலவு மிச்சம் பிடிக்க மூன்றையும் ஒன்றாக முடிந்திருப்பார்கள்.

கழுவுவது விடியற்காலையில். சூடேறிய கண்ணாடியில் குளிர்ந்த நீர் பட்டால் விரிசல். போர் தண்ணீர் உப்பாக இருந்தால் வெள்ளைத் திட்டு படியும், கடைசியில் ஒரு முறை நல்ல தண்ணீர் விட்டு ரப்பர் வைப்பரால் வழித்துவிடுங்கள். சோப்புத் தூள் வேண்டாம்.

முதலீட்டுக்குப் பிரதமர் வேலைவாய்ப்புத் திட்டத்தில் சேவைத் தொழிலுக்கு 20 லட்சம் வரை திட்டச் செலவு, கிராமப்புறப் பெண்களுக்கு 35 சதவீதம் மானியம், சொந்தப் பணம் 5 சதவீதம். இருக்கிறதென்று பெரிய தொகைக்குப் போகாதீர்கள்; இந்தத் தொழிலுக்கு மீட்டர்கள், ஹார்னஸ், ஏணி, ஒரு வண்டி போதும்.

ஃபில்டர் பாயிண்டில் (ஆழமில்லாத குழாய்க் கிணறு) 5 ஹெச்.பி. மோட்டார், இலவச மின்சாரம். சோலார் பம்ப் வாங்கலாமா?
– வாசகர், குத்தாலம்

இலவச இணைப்பு இருக்கிறவருக்கு அவசியம் இல்லை. இணைப்புக்குக் காத்திருப்பவர், மேட்டூர் திறக்கும் முன்பே நாற்றங்கால் போட நினைப்பவர் வாங்கலாம். 5 ஹெச்.பி.க்கு 4,800 வாட் பேனல், 60 சதவீதம் மானியம். வாங்குமுன் சித்திரையில் உங்கள் குழாயில் நீர்மட்டம் எவ்வளவு என்று கயிறு விட்டு அளந்துகொள்ளுங்கள். 25 அடிக்குக் கீழ் போனால் தரைமேல் மோட்டார் உறிஞ்சாது. நீர்மூழ்கி மோட்டார் வாங்கலாம் என்றால் மூன்று அங்குலக் குழாயில் அது இறங்காது, புதுக் குழாய் இறக்கும் செலவையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள்.